சிறு காயம், பெரிய வலி: ஒரு கொடிக்கால் பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை ஆத்தூர் பக்கம் யாரும் மறக்க மாட்டோம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வந்தது. வாழை சாய்ந்தது. வெற்றிலைக் கொடிக்கால்களில் மண்ணும் குப்பையும் ஏறி நின்றன. அந்த வருடம்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குமுன்னே இந்த அடி.

தை பிறந்த பிறகு, ஆளுக்கு ஆள் உதவியாகக் கொடிக்கால்களைச் சுத்தம் பண்ண இறங்கினோம். எனக்கு அடுத்த கொடிக்கால் ஒரு அண்ணாச்சியுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை உண்டு, ஆனால் ஒழுங்கு கிடையாது. சாய்ந்து கிடந்த அகத்தியை இழுக்கும்போது ஒடிந்த குச்சி ஒன்று அவர் கெண்டைக்காலில் குத்திவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் துளை. வாய்க்கால் தண்ணீரில் காலை அலசிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் கால் லேசாக வீங்கியது. "தம்பி, ரெண்டு வெத்தல பறிச்சுக் குடு, வாட்டிக் கட்டுவோம்" என்றார். நல்ல முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டு, அதன் மேல் வெற்றிலையை வாட்டிக் கட்டினோம். நம் தாத்தா பாட்டி செய்ததுதான்.

ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலையில் போய்க் கேட்டபோது, "காயம் ஒண்ணும் இல்லவே. ஆனா உள்ளுக்குள்ள யாரோ கால முறுக்கிப் பிழியுத மாரி இருக்கு" என்றார். காய்ச்சல் அடித்தது. வழியில் ஒரு இடத்தில் ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் அடங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் விடியலில் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. பத்தைக் கழுவிப் பார்த்தால் தோல் நாவல்பழ நிறம், மேலே நீர் கோத்த கொப்புளம். கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை. மதினிதான் சத்தம் போட்டார்கள்: "நீங்க ரெண்டு பேரும் வைத்தியம் பாத்தது போதும். 108-க்குப் போன் போடுங்க."

அன்றைக்கே அறுவைச் சிகிச்சை. அடுத்த சில நாட்களில் இன்னும் இரண்டு முறை. அழுகிய சதையை வெட்டி எடுத்து, பிறகு தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். கால் மிஞ்சியது, உயிர் மிஞ்சியது. இப்போது தாங்கித் தாங்கி நடந்தாலும் கொடிக்காலுக்கு வருகிறார். "ஒரு நாள் முந்தி வந்திருந்தா இவ்வளவு வெட்ட வேண்டியிருந்திருக்காது" என்று டாக்டர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வெற்றிலையைப் பறித்துக் கொடுத்தவன் நான்தான்.

இயற்கை வேளாண்மை செய்கிறவர்களுக்கு வைத்தியத்திலும் கைமருந்தின் மேல் நம்பிக்கை அதிகம். அதில் தப்பில்லை. ஆனால் கைமருந்துக்கு எல்லை எங்கே முடிகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தோலுக்குக் கீழே என்ன நடக்கிறது?

மண்ணில் அடுக்கு இருப்பது போல நம் உடம்பிலும் அடுக்கு உண்டு. மேலே தோல். அதன் கீழ் கொழுப்பு. அதற்கும் கீழே தசையைச் சுற்றி வெள்ளையாக ஒரு மெல்லிய உறை. ஆட்டுக்கறி வெட்டும்போது சதையின் மேல் பளபளவென்று ஒரு சவ்வு வருமே, அதேதான். அதற்குள்ளே தசை.

கிருமி எந்த அடுக்கில் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறும்.

மேல் அடுக்கிலும் கொழுப்பிலும் பரவினால் அதற்குச் செல்லுலைட்டிஸ் என்று பெயர். கால் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டால் வலிக்கும். காய்ச்சலும் நெறி கட்டுதலும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வாரம் சரியான மாத்திரையும், காலை உயர்த்தி வைத்து ஓய்வும் போதும். விரல் இடுக்கில் இருக்கும் சேற்றுப்புண்தான் பல பேருக்குக் கிருமி நுழையும் வாசல். அதை ஆற்றாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

ஓரிடத்தில் சீழ் திரண்டால் அது கட்டி. கீறி வெளியேற்றினால்தான் ஆறும். அமுக்கிப் பிதுக்கினால் கிருமியை உள்ளே தள்ளிவிடுவோம்.

மூன்றாவது, அண்ணாச்சிக்கு வந்தது. தசையுறையில் இறங்கிய கிருமி அந்த உறை வழியாகவே வேகமாக ஓடுகிறது. போகிற வழியில் சிறு ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத சதை சாகிறது. டாக்டர்கள் இதை நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்கிறார்கள். நாம் தசையுறை அழுகல் என்று வைத்துக்கொள்வோம்.

நோய் புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணிபுரிந்த மருத்துவர் ஜோசப் ஜோன்ஸ், காயம்பட்ட படைவீரர்களிடம் கண்ட இப்படியான அழுகலைப் பற்றி 1871-ல் விரிவாக எழுதினார். வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தார்கள். இன்றைய பெயர் 1952-ல் வந்தது. 2024-ல் ஜப்பானில் கடுமையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று ஆண்டின் பாதிக்குள்ளேயே ஆயிரம் பேரைத் தாண்டியபோது, 'சதை தின்னும் கிருமி' என்று நம் ஊர் வாட்ஸப்பிலும் சுற்றியது. உண்மையில் கிருமி சதையைத் தின்பதில்லை. அது விடும் நஞ்சுதான் சதையைக் கொல்கிறது. தொண்டைப்புண் உண்டாக்கும் அதே வகைக் கிருமி ஆழத்தில் இறங்கும்போது இப்படி ஆகிறது. சர்க்கரை உள்ளவர்களிடம் பல கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்தும் இதைச் செய்யும்.

அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பரவும். முறையான சிகிச்சை கிடைத்தும் நாலைந்து பேரில் ஒருவர் இறக்கிறார். சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பவர் அரிது.

வாடல் நோய் தெரிந்தவனுக்கு இது புரியும்

கொடிக்கால்காரனுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். வெற்றிலையில் வாடல் நோய் எப்படி வருகிறது? மேலே கொடி பச்சையாக நிற்கும். இலை லேசாகத் துவளும்போது கீழே பார்த்தால், மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து அழுகியிருக்கும். இலையைப் பார்த்து நோயை அளந்தால் ஏமாந்து போவோம். அழுகிய கொடிக்கு எந்தக் கரைசல் ஊற்றினாலும் மேலே ஏறாது, ஏறும் வழியே அழுகிக் கிடக்கிறது. அதனால்தான் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்து, பக்கத்துக் கொடியைக் காப்பாற்றுகிறோம்.

காலிலும் இதே கதைதான். தோல் பார்க்க நன்றாக இருக்கும், அழுகல் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ரத்தக் குழாய் அடைத்த இடத்துக்கு நரம்பில் ஏற்றும் மருந்தே போய்ச் சேராது. மேலே கட்டிய வெற்றிலைச் சாறு எப்படிப் போகும்? வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு என்பது உண்மை. கையில் விழுந்த சிராய்ப்புக்கு அது சரி. தசையுறையில் ஓடும் அழுகலை அவை எட்டவே எட்டாது.

மஞ்சள் பத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது. தோலின் நிறம் மாறுவதை அது மறைத்துவிடும். நாங்கள் அப்படித்தான் ஒன்றரை நாளைத் தொலைத்தோம். சுண்ணாம்பு தோலையே பொத்துப்போக வைக்கும்.

இந்த அடையாளங்களை வீட்டில் எல்லாரும் தெரிந்து வையுங்கள்

1. காயம் சிறிது, வலி பெரிது. பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஆள் துடிக்கிறார். எல்லாவற்றுக்கும் முதல் அடையாளம் இதுதான். 'இவ்வளவு சின்னக் காயத்துக்கா இப்படிக் கத்துறீரு' என்று கேலி செய்யத் தோன்றும் நேரத்தில்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2. சிவப்பு ஓரிடத்தில், வீக்கமும் வலியும் அதையும் தாண்டி. தொட்டால் சதை பலகை போலக் கெட்டியாக இருக்கும்.

3. மணிக்கு மணி பரவுதல். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதி வையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அடுத்த கோடு போட உட்காராதீர்கள், கிளம்புங்கள்.

4. தோல் நிறம் மாறுதல். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பளபளப்பு, விறைப்பு, சூடு, வழக்கத்தைவிடக் கருமை, இவற்றைப் பாருங்கள். ஊதா நிறமோ கறுப்போ வந்தால், ரத்தம் கலந்த கொப்புளம் வந்தால் நோய் முற்றுகிறது.

5. அமுக்கினால் நறநறவென்று உணர்வது. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணிலும் சாணத்திலும் வாழும் சில கிருமிகள் ஆழமான காயத்தில் இதை உண்டாக்கும்.

6. காய்ச்சல், நடுக்கம், வாந்தி, வேகமான நாடி, மூச்சிரைப்பு, தலைசுற்றல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல். கிருமியின் நஞ்சு உடம்பு முழுக்கப் பரவுகிறது என்பதற்கு அடையாளம்.

7. வலி திடீரென்று மறைந்து அந்த இடம் மரத்துப்போதல். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். வலி போச்சு, குணமாகுது என்று நினைப்போம். அங்கே உணர்ச்சி நரம்பே செத்துவிட்டது என்பதுதான் நிஜம். சர்க்கரையால் ஏற்கெனவே கால் மரத்துப்போனவர்களுக்கு முதலிலிருந்தே வலி குறைவாகத் தெரியலாம். அவர்கள் வலியை நம்பக்கூடாது, கண்ணை நம்ப வேண்டும்.

எல்லா அடையாளமும் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் மூன்றில் ஒன்று இருந்தாலே அன்றைக்கே, ராத்திரியானாலும், அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பது ஆபத்து. வலியும் காய்ச்சலும் அடங்கும், நோய் அடங்காது.

சர்க்கரை, குடியால் கெட்ட ஈரல், சிறுநீரகக் கோளாறு, யானைக்கால் வீக்கம், ஸ்டீராய்டு மாத்திரை இவற்றில் ஒன்று இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஆனால் திடகாத்திரமான இளைஞனுக்கும் இது வரலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

தெரிந்திருந்தால் பயம் குறையும், கையெழுத்துப் போடத் தயங்கவும் மாட்டோம். "முதல்ல மருந்து குடுத்துப் பாருங்க, அறுக்கிறத அப்புறம் பாப்போம்" என்று நாம் சொல்வதால் வீணாகும் நேரம்தான் காலையும் உயிரையும் எடுக்கிறது.

நரம்பில் தண்ணீர் ஏற்றுவார்கள். பல வகைக் கிருமிகளையும் பிடிக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதில் கிளிண்டமைசின் என்ற மருந்து, கிருமி நஞ்சு உற்பத்தி செய்வதையே தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுவார்கள். இதெல்லாம் துணை வைத்தியம்தான். அழுகிய பகுதியைத் திறந்து, ரத்தம் கசியும் நல்ல சதை தெரியும்வரை வெட்டி எடுப்பதுதான் தலையாய வைத்தியம். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் சின்னதாகக் கீறியே பார்ப்பார்கள். ஒரு நாள் கழித்து மறுபடி திறந்து பார்ப்பதும், மீதி அழுகல் இருந்தால் எடுப்பதும் வழக்கமான முறைதான். முதல் அறுவை தோற்றுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. காயம் சுத்தமான பிறகு தோல் ஒட்டுவார்கள்.

ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத தூரமில்லை. 108 வண்டிக்குக் காசு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் ஒரே பையில் இருக்கட்டும். டாக்டரிடம் நாலு விஷயம் மறக்காமல் சொல்லுங்கள்: எப்போது பட்டது, எதனால் பட்டது, எந்தத் தண்ணீரில் பட்டது, சர்க்கரையோ வேறு நோயோ உண்டா.

எந்தத் தண்ணீர் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கம் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கிடக்கும். இப்படி வெதுவெதுப்பான உப்பு கலந்த தண்ணீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று, ஈரல் கெட்டவர்களுக்குக் காயம் வழியாக நுழைந்து ஒரே நாளில் காலைக் கறுக்கவைக்கும். அதற்கு மருந்து வேறு, டாக்ஸிசைக்ளின் போன்றது சேர்க்க வேண்டும். மீன் முள் குத்தியது, திருக்கை அடித்தது, கழிமுகத்தில் இறங்கியபோது சிப்பி வெட்டியது, எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

காயம் பட்டவுடன்

- கொடிக்காலில் ஒரு குடம் குடிதண்ணீரும் ஒரு சோப்பும் எப்போதும் இருக்கட்டும். வாய்க்கால் தண்ணீரில் கழுவாதீர்கள். நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி, சோப்புப் போட்டுப் பத்து நிமிடமாவது கழுவுங்கள். செலவில்லாத பெரிய மருந்து இதுதான்.
- கண்ணுக்குத் தெரியும் மண்ணையும் முள்ளையும் எடுங்கள். ஆழத்தில் ஒடிந்த குச்சியை நீங்களே நோண்டாதீர்கள்.
- வெளுத்துக் காய்ந்த சுத்தமான துணியால் மூடுங்கள். சாணம், சாம்பல், காப்பித்தூள், புகையிலை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.
- ஆழமான அல்லது மண், சாணம் பட்ட காயமென்றால், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.
- சர்க்கரை உள்ளவர்கள் காயம் சின்னதானாலும் அன்றே காட்டுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

சாணத்தோடு புழங்கும் நமக்கு

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், அமுதக்கரைசல் எல்லாம் நுண்ணுயிர்களைப் பெருக்கும் வேலை. மண்ணுக்கு அமுதமானது, திறந்த புண்ணுக்கு அமுதமாகாது. பசுஞ்சாணத்தில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நாட்டு மாட்டுச் சாணம் என்றாலும் இதில் வித்தியாசமில்லை. கையில் வெட்டு இருந்தால் உறை போட்டுக் கலக்குங்கள், அல்லது நீளமான குச்சியால் கலக்குங்கள். பித்தவெடிப்பு உள்ள காலோடு கரைசலில் நிற்காதீர்கள்.

செருப்பில்லாமல் மண்ணை மிதிப்பது நமக்கு ஒரு சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் மண்ணை மிதிக்கும்போது முள் ஏறினாலும் தெரியாது. ரப்பர் பூட்ஸ் போடுங்கள். சாயங்காலம் கால் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். கிராமத்தில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தால் தட்டிக்கழிக்காமல் விரலை நீட்டுங்கள்.

மருந்தை மிச்சம் வைப்பதும் இயற்கை வேளாண்மைதான்

அண்ணாச்சியைக் காப்பாற்றியதில் கத்திக்கு அடுத்த பங்கு ஆன்டிபயாடிக் மருந்துக்கு. அந்த மருந்து வேலை செய்ததால்தான் பிழைத்தார். கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொண்டே வருகின்றன. அதில் விவசாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வெற்றிலையில் இலைப்புள்ளி விழுந்தால் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிப்பது வழக்கமாக இருந்தது. டெட்ராசைக்ளின் வேறு யாருமில்லை, மேலே சொன்ன டாக்ஸிசைக்ளினின் கூடப்பிறந்த மருந்து. பயிருக்கு இவற்றைத் தெளிப்பதைத் தடை செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை, கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். கால்நடைக்கு அதைக் கொடுப்பதை 2019-ல் அரசு தடை செய்தது.

இலைப்புள்ளிக்கு மருந்துப் பொடி தெளிக்காத ஒவ்வொரு கொடிக்காலும், ஏதோ ஒரு வார்டில் படுத்திருப்பவருக்கு அந்த மருந்தை மிச்சம் வைக்கிறது. அதேபோல, மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துவதையும் விட வேண்டும். வயலில் வேண்டாம் என்கிற மருந்தை, உயிருக்குத் தேவைப்படும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்வது இயற்கை வழி ஆகாது.

போன வாரம் அண்ணாச்சி கொடிக்கால் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். அகத்தி மூட்டில் ஒரு குடமும் சோப்பும். வேலைக்கு வந்த பையன் ஒருவன் கையில் முள் குத்தி, சட்டையில் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தான்.

"ஏல, இங்க வா. மொதல்ல கழுவு. ராத்திரி வலி கூடுச்சுன்னா விடியட்டும்னு இருக்காத. எனக்குப் போன் போடு, எந்நேரமானாலும் வாரேன்" என்றார்.